வெப்ஸ்பியர் சர்வீஸ் அமைப்புகள்: ப்ராப்பர்ட்டீஸ் கோப்பா, ஜைதான் ஸ்கிரிப்டா?

இரவு 1 மணிக்குத் தொடங்கும் பேட்ச் வேலை ஒன்று சரியாக 300 விநாடியில் செத்துப்போகிறது. முந்தின நாள் வரை 120 விநாடியில் செத்துக்கொண்டிருந்தது. டைம்அவுட்டை 600 ஆக ஏற்றிவிட்டேன் என்று சாயங்கால ஷிஃப்டில் இருந்தவர் சொல்லிவிட்டுப் போயிருந்தார், அவர் ஏற்றியதும் உண்மைதான். ஆனால் ஜாவா அப்ளிகேஷன்களை ஓட்டும் ஐபிஎம் சர்வர் மென்பொருளான வெப்ஸ்பியரின் ட்ரான்ஸாக்‌ஷன் சர்வீஸில் ஒரு ட்ரான்ஸாக்‌ஷனின் மொத்த ஆயுளுக்கு ஒரு டைம்அவுட், அதற்கு மேல் எதுவும் போகக்கூடாது என்று உச்சவரம்பாக இன்னொரு டைம்அவுட் என இரண்டு உண்டு. முதலாவதுக்கு இயல்பு மதிப்பு 120, இரண்டாவதுக்கு 300. முதலாவதை மட்டும் 600 ஆக்கினால் உச்சவரம்பு வந்து 300 இல் வெட்டிவிடும். இதைக் கண்டுபிடிக்க எனக்கு 10 நிமிடம் ஆனது. நேற்று வேறு என்னென்ன மாற்றினார்கள், மாற்றும் முன் அங்கே என்ன இருந்தது என்று கண்டுபிடிக்கத்தான் விடிய விடிய ஆனது.

அந்த ராத்திரிக்குப் பிறகு எங்கள் குழுவில் ஒரு வாரம் ஓடிய விவாதத்தைத்தான் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகிறேன். கேள்வி ரொம்பச் சின்னது. ட்ரான்ஸாக்‌ஷன் சர்வீஸ், த்ரெட் பூல், செஷன் டைம்அவுட், ஜேவிஎம் (ஜாவா நிரலை ஓட்டும் இயந்திரம்) ஹீப் அளவு மாதிரி, சர்வரோடு கூடவே பிறந்து கிடக்கும் சர்வீஸ் அமைப்புகளை எதை வைத்து மாற்றுவது? நான் பேசுவது பழைய, முழு அளவு வெப்ஸ்பியர் அப்ளிகேஷன் சர்வர் பற்றி, அதாவது எல்லா சர்வர்களின் அமைப்பையும் மையமாக நிர்வகிக்கும் டிப்ளாய்மென்ட் மேனேஜர், ஒவ்வொரு நோடிலும் (சர்வர்கள் ஓடும் இயந்திரம்) அதன் ஆளாக இருக்கும் நோட் ஏஜென்ட் எல்லாம் இருக்கும் வகை. அந்த நோடுகள் எல்லாம் சேர்ந்ததுதான் செல். அதன் புதிய, இலகுவான வகையான லிபர்ட்டி வேறு கதை, கடைசியில் இரண்டு வரி சொல்கிறேன். இன்னொன்று, கட்டளைப் பெயர்களைத் தமிழில் பிரித்துப் பிரித்து எழுதியிருக்கிறேன், தட்டச்சு செய்யும்போது ஒட்டித்தான் அடிக்க வேண்டும்.

முதலில் கன்சோல், அதாவது உலாவியில் திறக்கும் நிர்வாகப் பக்கம். ஒரு சர்வர், இரண்டு சர்வர் வைத்திருப்பவர் கன்சோலில் கிளிக் செய்துவிட்டு டிக்கெட்டில் ஸ்கிரீன்ஷாட் ஒட்டினால் போதும், அவருக்கு இந்தக் கட்டுரையே தேவையில்லை. கன்சோலில் ஒரு நல்ல வசதி உண்டு. கமாண்ட் அசிஸ்டன்ஸை இயக்கி வைத்தால் நாம் செய்த கிளிக்குக்குச் சமமான டபிள்யூஎஸ்அட்மின் (வெப்ஸ்பியரின் கட்டளைவரி நிர்வாகக் கருவி) கட்டளையை அதுவே காட்டும், லாகிலும் எழுதி வைக்கும். பலர் அதை அப்படியே காப்பி செய்து ஸ்கிரிப்ட் என்று வைத்துக்கொள்கிறார்கள், அங்கேதான் வம்பு. அந்தக் கட்டளைக்குள் செல், நோட், சர்வர் பெயர்களோடு, குறிப்பிட்ட எக்ஸ்எம்எல் கோப்பில் அந்தப் பொருளுக்குக் கொடுக்கப்பட்ட நீளமான அடையாள எண்ணும் சேர்ந்தே வரும். டெஸ்ட் சூழலில் எடுத்ததை ப்ரொடக்‌ஷனில் ஓட்டினால் அந்த எண் அங்கே இருக்காது. என்ன கட்டளை, பண்பின் பெயர் என்ன என்று கற்றுக்கொள்ள அது அருமையான இடம். அதற்கு மேல் நம்பாதீர்கள்.

அடுத்து, சர்வர் எக்ஸ்எம்எல் கோப்பை விஐ எடிட்டரில் திறந்து கையாலேயே மாற்றுவது. செய்யாதீர்கள் என்று சொல்லி முடித்துவிடலாம், ஆனால் ஏன் இது ஆபத்து என்பது சுவாரஸ்யமானது. மூலப் பிரதி டிப்ளாய்மென்ட் மேனேஜரிடம் இருக்கிறது, நோடில் இருப்பது நகல். நகலில் கை வைத்தால் உடனே அழிந்துவிடும் என்றுதான் நினைப்போம், அப்படி அழிந்தால்கூடப் பரவாயில்லை. நகலைப் புதுப்பிக்கும் வழக்கமான ஒத்திசைவு மூலத்தில் எது மாறியிருக்கிறது என்று மட்டுமே பார்க்கிறது, நோடில் நாம் செய்த திருட்டு வேலை அதன் கண்ணில் படாது. மாற்றம் மாதக்கணக்கில் வேலை செய்துகொண்டே இருக்கும். அப்புறம் ஒருநாள் யாரோ முழு ஒத்திசைவை ஓட்டுவார், அல்லது மூலத்தில் அதே கோப்பைத் தொடுவார், அன்றைக்கு அது காணாமல் போகும். அதற்குள் மாற்றியவர் வேறு கம்பெனிக்குப் போயிருப்பார்.

ஆக, உண்மையான போட்டி இரண்டுக்கு நடுவில்தான். ஜைதானில் (ஜாவா மேல் ஓடும் பைதான்) ஸ்கிரிப்ட் எழுதி, டபிள்யூஎஸ்அட்மினின் அட்மின் கான்ஃபிக் என்ற பொருள் வழியாக மாற்றுவது ஒன்று. பெயர், மதிப்பு என்று வரிவரியாக இருக்கும் உரைக்கோப்பைக் கொடுத்து மாற்றும், வெப்ஸ்பியர் 7 இல் வந்த ப்ராப்பர்ட்டீஸ் கோப்பு முறை இன்னொன்று. இரண்டையும் இயக்குவது அதே டபிள்யூஎஸ்அட்மின்தான், அதனால் 'ஸ்கிரிப்ட் எதிர் கோப்பு' என்று பேசுவதே கொஞ்சம் தப்பு. மதிப்புகள் எங்கே உட்கார்ந்திருக்க வேண்டும், நிரலுக்குள்ளா வெளியிலா என்பதுதான் கேள்வி.

ஸ்கிரிப்ட் பக்கம் முதலில் பேசுகிறேன், ஏனென்றால் பல வருடம் நான் அந்தக் கட்சி. சர்வரின் அடையாளத்தை கெட்ஐடி கொண்டு எடுக்கிறோம், அதற்குக் கீழே ட்ரான்ஸாக்‌ஷன் சர்வீஸைப் பட்டியலிட்டுப் பிடிக்கிறோம், மாடிஃபை கொண்டு மதிப்பை மாற்றுகிறோம், சேவ், ஒத்திசைவு, முடிந்தது. நாலைந்து வரி. 40 சர்வர் இருந்தால் ஒரு ஃபார் லூப். பெயரில் 'பேட்ச்' என்று வரும் சர்வருக்கு ஒரு மதிப்பு, மற்றதுக்கு இன்னொன்று என்றால் ஒரு இஃப். கிளஸ்டர் (ஒன்றாக இயங்கும் சர்வர் கூட்டம்) உருவாக்குவது, உறுப்பினர் சேர்ப்பது, அப்ளிகேஷனை டிப்ளாய் செய்வது, ஏற்கெனவே இருக்கிறதா என்று பார்த்துவிட்டு இல்லையென்றால் மட்டும் உருவாக்குவது, இதற்கெல்லாம் ஸ்கிரிப்டை விட்டால் வேறு கதி இல்லை, வேறு தேடவும் வேண்டாம்.

ஆனால் அந்த ஜைதானோடு குடித்தனம் நடத்தியவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். வெப்ஸ்பியர் 9 வரும்வரை பெரும்பாலானோர் கையில் இருந்தது ஜைதான் 2.1. ட்ரூ, ஃபால்ஸ் என்ற சொற்களே அதில் கிடையாது, 1, 0 என்று எழுத வேண்டும். அட்மின் கான்ஃபிக்கின் லிஸ்ட் கட்டளை லிஸ்ட் தராது. ஒரே நீளச் சரமாக, வரிக்கு ஒன்றாகப் பொருட்களை அடுக்கித் தரும், நாம்தான் ஸ்பிளிட்லைன்ஸ் போட்டுப் பிரித்துக்கொள்ள வேண்டும். ஒரு பண்பைக் கேட்டால் சில சமயம் சதுர அடைப்புக்குள் இடைவெளி விட்டுப் பல மதிப்புகள் வரும். சர்வர் பெயரிலோ வேறு பெயரிலோ இடைவெளி இருந்தால் மேற்கோள்குறி முளைக்கும், அதுவரை ஓடிக்கொண்டிருந்த ஸ்கிரிப்ட் அன்றைக்குக் குப்புற விழும்.

இதைவிட மோசமானது ஒன்று இருக்கிறது. மாடிஃபை கட்டளை தனி மதிப்பு என்றால் மாற்றி எழுதும், பட்டியல் வகைப் பண்பு என்றால் பழையதோடு சேர்க்கும். முதலில் காலிப் பட்டியலைக் கொடுத்து அழித்துவிட்டுத்தான் புதியதைக் கொடுக்க வேண்டும். இது தெரியாமல் எழுதிய ஸ்கிரிப்டை இரண்டாம் முறை ஓட்டினால் எல்லாம் இரட்டிப்பாகும், மூன்றாம் முறை மும்மடங்கு. ஒரு இடத்தில் ஜேவிஎம்மின் கஸ்டம் ப்ராப்பர்ட்டியில் ஒரே பெயர் ஆறு முறை இருந்ததைப் பார்த்தேன், அதாவது அந்த ஸ்கிரிப்ட் ஆறு முறை ஓடியிருக்கிறது, ஆறு பேரும் வெற்றி என்று மெயில் போட்டிருக்கிறார்கள். எத்தனை முறை ஓட்டினாலும் விளைவு ஒன்றாக இருக்கும்படி எழுத முடியும், நான் எழுதியிருக்கிறேன். ஆனால் 5 வரி ஸ்கிரிப்ட் அப்போது 80 வரி ஆகிவிடுகிறது, அந்த 80 வரிக்கு நடுவே எங்கேயோ 600 என்ற எண் புதைந்திருக்கிறது.

ஒரு கிளைக்கதை. உச்சவரம்பு டைம்அவுட்டின் உள்பெயர் 'ப்ராபகேட்டட்' என்று தொடங்குகிறது. அதை எழுதிய புண்ணியவான் ஆங்கிலத்தில் நடுவில் ஏ வரவேண்டிய இடத்தில் ஓ போட்டுவிட்டார். பின்னால் திருத்தினால் எல்லோருடைய ஸ்கிரிப்டும் உடையும், ஆகவே அது அப்படியே நிலைத்துவிட்டது. ஸ்கிரிப்ட் எழுதும் ஒவ்வொரு புதியவரும் அகராதிப்படி சரியாக எழுதி, அப்படி ஒரு பண்பே இல்லை என்று திட்டு வாங்குவார். ஸ்பெல்லிங் தெரிந்தவனுக்குத்தான் தண்டனை.

ப்ராப்பர்ட்டீஸ் கோப்பு முறையில் இந்தத் தொல்லை இல்லை. அங்கே வெற்றுத் தாளில் தொடங்குவதே கிடையாது. டபிள்யூஎஸ்அட்மினின் இன்னொரு பொருளான அட்மின் டாஸ்க்கின் எக்ஸ்ட்ராக்ட் கான்ஃபிக் ப்ராப்பர்ட்டீஸ் கட்டளையை ஓட்டினால் இப்போது சர்வரில் என்ன இருக்கிறதோ அதையே ஒரு உரைக்கோப்பாகக் கொட்டும், தப்பான ஸ்பெல்லிங்கோடு சேர்த்து. கோப்பு பகுதி பகுதியாக இருக்கும். ஒவ்வொரு பகுதியின் தலையிலும் இது என்ன வகைப் பொருள், எந்த செல், எந்த நோட், எந்த சர்வருக்குக் கீழே இருக்கிறது என்ற முகவரி இருக்கும். அதற்குக் கீழே பெயர், சமக்குறி, மதிப்பு. பக்கத்திலேயே கமெண்டாக, இது முழு எண், இது ஆம் அல்லது இல்லை, இது படிக்க மட்டும், இதன் இயல்பு மதிப்பு இவ்வளவு என்று குறிப்பும் வரும். முகவரியில் செல், நோட், சர்வர் பெயர்கள் நேரடியாக இல்லாமல் மாறிகளாக இருக்கும், அவற்றின் மதிப்பு கோப்பின் கடைசியில் தனிப் பகுதியில் கிடக்கும். அதை மாற்றினால், அல்லது அப்ளை செய்யும்போதே வெளியிலிருந்து கொடுத்தால், அதே கோப்பு வேறு சர்வருக்கும் பொருந்தும்.

மதிப்பை மாற்றிவிட்டு வேலிடேட் கட்டளை, பிறகு அப்ளை கட்டளை. அப்ளையோடு ஒரு அறிக்கைக் கோப்பின் பெயரையும் கொடுக்கலாம், பிழைகளும் மாற்றங்களும் மட்டும் வேண்டும் என்று வடிகட்டவும் செய்யலாம். எனக்கு இந்த முறை பிடித்துப்போனதே அந்த அறிக்கைக்காகத்தான். எந்தப் பண்பை மாற்றியது, புது மதிப்பு என்ன, பழைய மதிப்பு என்ன என்று வரிக்கு வரி எழுதி வைக்கிறது. அன்று ராத்திரி நான் தேடி அலைந்தது அந்த ஒரு வரியைத்தான். ஸ்கிரிப்டிலும் இதைச் செய்யலாம், மாற்றும் முன் பழையதைப் படித்து அச்சிட வேண்டியதுதான், ஆனால் நான் பார்த்த ஸ்கிரிப்டுகளில் பத்தில் ஒன்றுகூட அதைச் செய்ததில்லை, என்னுடையதும் உட்பட.

குறைகளையும் சொல்கிறேன், நிறையவே இருக்கின்றன. முழு சர்வரையும் எடுத்தால் ஆயிரக்கணக்கான வரிகள் வரும். அதைத் திறந்து பார்ப்பவர் மூடிவிட்டுக் கன்சோலுக்கே போய்விடுவார். வேண்டிய துணை வகையை மட்டும் எடுக்க வடிகட்டி உண்டு, அதைக் கட்டாயம் பயன்படுத்துங்கள். லூப் கிடையாது, நிபந்தனை கிடையாது. வேலிடேட் என்பது பெயரும் வகையும் சரியா என்று பார்க்கும், நம் புத்தியைச் சரிபார்க்காது. 600 முழு எண்தானே, சரி என்று விட்டுவிடும், உச்சவரம்பு 300 இல் இருப்பது அதன் கவலை இல்லை. முதல் பத்தியில் சொன்ன கோளாறை இந்த முறையும் தடுத்திருக்காது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் இரண்டு டைம்அவுட்டும் ஒரே பகுதியில் அடுத்தடுத்து இருப்பதால், திருத்துபவர் கண்ணில் பக்கத்து வரி பட்டிருக்க வாய்ப்பு உண்டு.

டெலீட் என்ற கட்டளையின் பெயரும் ஏமாற்றும். ட்ரான்ஸாக்‌ஷன் சர்வீஸ் மாதிரி சர்வரோடு பிறந்ததை உருவாக்கவும் முடியாது, நீக்கவும் முடியாது, மதிப்பை மாற்ற மட்டும்தான் முடியும். சொல்லப்போனால் சர்வீஸ் அமைப்புகளுக்கு இந்த முறை இவ்வளவு பொருந்துவதே அதனால்தான். இருக்கா இல்லையா என்ற கேள்வியே எழாத இடத்தில் இஃப் எதற்கு?

இனி நான் பட்ட அடி. டெஸ்ட் சூழலில் ஒரு சர்வரை முழுதாக எக்ஸ்ட்ராக்ட் செய்தேன். ஒரே ஒரு வரியை மாற்றினேன். மாறிப் பகுதியில் பெயர்களை ப்ரொடக்‌ஷனுக்கு மாற்றி அப்ளை செய்தேன், அறிக்கையில் பிழை ஏதும் இல்லை. மாற்றங்களின் பட்டியல் நீளமாக இருந்தது, நான் படிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை ரீஸ்டார்ட் ஆனது, திங்கள் காலை 10 மணிக்குக் கூட்டம் ஏறியதும் எல்லாம் தவழ ஆரம்பித்தது. டெஸ்டில் யாரோ சோதனைக்காகக் குறைத்து வைத்திருந்த வெப் கன்டெய்னர் த்ரெட் பூலின் (வரும் கோரிக்கைகளைக் கவனிக்கும் த்ரெட்களின்) அளவு, நான் தொடாத மற்ற எல்லா வரிகளோடும் சேர்ந்து ப்ரொடக்‌ஷனுக்குக் குடிபோயிருந்தது. கோப்பில் இருக்கும் எல்லாமே கட்டளைதான், நீங்கள் மாற்றியது மட்டும் இல்லை. அன்றிலிருந்து ஒரே விதி வைத்திருக்கிறேன். எக்ஸ்ட்ராக்ட் செய்ததை அப்படியே அப்ளை செய்வதில்லை. மாற்ற வேண்டிய பகுதியின் தலையையும், மாற்ற வேண்டிய வரிகளையும் மட்டும் தனிக் கோப்புக்கு வெட்டி எடுத்துவிட்டு மற்றதைக் கடாசிவிடுவேன். பாதிப் பகுதி மட்டும் இருந்தாலும் அப்ளை ஏற்றுக்கொள்ளும், இல்லாத வரிகளை அது தொடாது.

கடவுச்சொல் விஷயத்திலும் கொஞ்சம் கவனம் வேண்டும். சர்வீஸ் அமைப்புகளில் அதிகம் வராது, ஆனால் டேட்டா சோர்ஸ், பாதுகாப்புப் பகுதிகளை எடுத்து கிட்டில் (கோப்புகளின் மாற்ற வரலாற்றைக் காக்கும் கருவி) போடுபவர்கள் முதலில் ஒருமுறை கண்ணால் பார்த்துவிடுங்கள். வெப்ஸ்பியர் தன் எக்ஸ்எம்எல் கோப்புகளில் வைக்கும் எக்ஸார் வடிவம் வெறும் மாற்றெழுத்து, பூட்டு இல்லை. யார் வேண்டுமானாலும் ஒரு நிமிடத்தில் திருப்பி எடுத்துவிடலாம்.

சரி, எதைத் தேர்ந்தெடுப்பது? நாங்கள் கடைசியில் வந்து சேர்ந்த இடத்தைச் சொல்கிறேன். மதிப்புகள் முழுக்க ப்ராப்பர்ட்டீஸ் கோப்புகளில், சர்வீஸுக்கு ஒரு சின்னக் கோப்பு, எல்லாம் கிட்டில். அவற்றை ஓட்ட ஒரே ஒரு ஜைதான் ஸ்கிரிப்ட், சுமார் 60 வரி. அது அப்ளிகேஷன் சர்வர்களைப் பட்டியலிடும். ஒவ்வொன்றுக்கும் நோட் பெயர், சர்வர் பெயரை மாறியாகக் கொடுத்து வேலிடேட் செய்யும். எங்கேயாவது பிழை என்றால் ரீசெட் கொடுத்து வெளியே வந்துவிடும். எல்லாம் சரி என்றால் அப்ளை, பிறகு சேவ், பிறகு நோடுகளை ஒத்திசைக்கும். எந்த எண்ணும் அந்த ஸ்கிரிப்டில் கிடையாது. அப்ளை முடிந்தாலும் சேவ் கொடுக்கும்வரை எதுவும் மூலத்தில் எழுதப்படுவதில்லை என்பதால் நடுவில் ஒரு நிறுத்தம் வைத்து அறிக்கையை மனிதர் ஒருவர் படித்து 'ஆம்' அடித்தால்தான் மேலே போகும்படி செய்திருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமைப் பாடம்.

இந்த முறை பிடிக்காதவர்கள் எங்கள் குழுவிலேயே இருவர் இருக்கிறார்கள், அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஜேவிஎம்மின் ஜெனரிக் ஆர்கியுமென்ட்ஸ் என்பது ஒரே நீளச் சரம். அதில் ஒரு துண்டை மட்டும் சேர்க்கவோ எடுக்கவோ ப்ராப்பர்ட்டீஸ் கோப்பால் முடியாது, முழுச் சரத்தையும் திரும்ப எழுதத்தான் முடியும். ஒவ்வொரு சர்வரிலும் அந்தச் சரம் வேறு மாதிரி இருந்தால் கோப்பு முறை ஆபத்தானது. அங்கே ஸ்கிரிப்டில் படித்து, தேடி, இல்லையென்றால் ஒட்டுவதுதான் சரி. அதேபோல, உங்களிடம் ஏற்கெனவே நன்றாக ஓடும், ஒருவர் பொறுப்பாகப் பார்த்துக்கொள்ளும் ஜைதான் தொகுப்பு இருந்தால் இதற்காக அதை உடைக்காதீர்கள், எண்களை மட்டும் வெளியே ஒரு கோப்புக்கு எடுத்தால் பாதி லாபம் கிடைத்துவிடும்.

எதை வைத்து மாற்றினாலும் ஓடிக்கொண்டிருக்கும் சர்வருக்கு இதெல்லாம் பெரும்பாலும் ரீஸ்டார்ட் செய்த பிறகுதான் தெரியும். ட்ரான்ஸாக்‌ஷன் டைம்அவுட்டுக்கு மட்டும் கன்சோலில் ரன்டைம் பக்கம் இருக்கிறது, அவசரத்துக்கு அங்கே மாற்றலாம், ஆனால் அது அடுத்த ரீஸ்டார்ட் வரைதான் நிற்கும் என்று டிக்கெட்டில் எழுதி வையுங்கள். அப்புறம், மாற்றும் முன் பேக்கப் எடுப்பவர்களுக்கு: பேக்கப் கான்ஃபிக் கட்டளை கேட்காமலேயே சர்வரை நிறுத்திவிட்டுத்தான் பேக்கப் எடுக்கும், நிறுத்தாதே என்று தனியாகச் சொல்ல வேண்டும். பட்டப்பகலில் டிப்ளாய்மென்ட் மேனேஜரை இப்படி இறக்கிய ஒருவரை எனக்குத் தெரியும், காலையில் கண்ணாடியில் பார்ப்பேன்.

லிபர்ட்டிக்குப் போகப்போகிறவர்கள் இவ்வளவு யோசிக்கவே வேண்டாம். அங்கே சர்வர் எக்ஸ்எம்எல்லே மனிதர் எழுதும் அளவுக்குச் சின்னது, வேறுபடும் மதிப்புகளை ஓவர்ரைட்ஸ் அடைவில் தனிக் கோப்பாகப் போட்டால் அதுவே மேலோங்கும், பெரும்பாலான மாற்றங்களுக்கு ரீஸ்டார்ட்கூட வேண்டாம். ஆரக்கிளின் போட்டி சர்வரான வெப்லாஜிக் பக்கத்திலும் இதே கதைதான் நடந்தது. அங்கும் டபிள்யூஎல்எஸ்டி என்று ஜைதான் கருவி இருந்தது, பிறகு டிப்ளாய் டூலிங் வந்து அமைப்பை யாமல் என்ற உரை வடிவில் ஒரு மாடலாகவும் மாறும் மதிப்புகளைப் பக்கத்தில் ஒரு ப்ராப்பர்ட்டீஸ் கோப்பாகவும் வைக்கச் சொல்கிறது.

அந்த பேட்ச் வேலையின் கோப்பு இப்போது மொத்தம் 11 வரி. இரண்டு டைம்அவுட்டும் 900 இல் இருக்கின்றன. மேலே கமெண்டில் 'இரண்டையும் சேர்த்தே மாற்றவும், ஸ்பெல்லிங்கைத் திருத்த வேண்டாம்' என்று எழுதி வைத்திருக்கிறேன். போன மாதம் புதிதாகச் சேர்ந்தவர் ஸ்பெல்லிங்கைத் திருத்தி அனுப்பினார், வேலிடேட் திருப்பி அனுப்பிவிட்டது.